கோதுமைப் பயிரில் மாடு மேய்க்கிறார்களாம், அந்தப் புல்லில் அப்படி என்ன சத்து? நம்முடைய மாரி மழைக்காலத்துக்கு உதவுமா?

வவுணதீவு மேட்டுக்காணி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் வவுணதீவுப் பக்கம் இருக்கிறேன். அப்பா விட்டுப்போன பட்டியில் இப்போது என் கையில் மிச்சம் ஐந்து கறவைப் பசு, இரண்டு நாகு (இன்னும் கன்று போடாத இளம் பசு), ஒரு கன்று. நாட்டு மாடுதான், இரண்டில் கொஞ்சம் கலப்பு.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் குளிரில் விறைத்துச் செத்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். என்னுடைய பட்டியிலும் ஒரு பசுவும் ஒரு நாகும் போயின. இரவு முழுக்கக் காற்றும் தூறலும். விடியற்காலை டோர்ச் அடித்துக்கொண்டு போனபோது நாகு கால் நீட்டிப் படுத்திருந்தது. காதைத் தொட்டுப் பார்த்தேன், குளத்துக் கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது. பார்க்க வந்த மிருக வைத்தியர், "நோய் ஒன்றும் இல்லை பிள்ளை, குளிரைத் தாங்க இதன் உடம்பில் சதை இல்லை" என்றார். அந்தச் சொல் இன்றுவரை மனதை விட்டுப் போகவில்லை.

மாரியில் எங்கள் நிலை உங்களுக்குத் தெரியும். வேளாண்மை, அதாவது நெல், விதைத்தால் வட்டைக்குள் (வயல்வெளிக்குள்) மாடு போக முடியாது. தூரத்து மேய்ச்சல்தரைக்குக் கொண்டுபோக வீட்டில் ஆம்பிளை இல்லை. கட்டி வைத்து, நனைந்த வைக்கோலும் வரம்புப் புல்லும் கொடுத்து ஒக்டோபரிலிருந்து பெப்ரவரி வரை ஓட்டுகிறேன்.

சித்தப்பாவின் மகன் ஒரு வீடியோ அனுப்பினான். அமெரிக்காவில் ஒக்லஹோமா என்ற இடம். குளிர்காலத்தில் பச்சைக் கோதுமை வயலுக்குள் நூற்றுக்கணக்கான மாடு மேய்கிறது. பிறகு மாட்டை எடுத்துவிட்டு அதே வயலில் கோதுமையும் வெட்டுகிறார்களாம். அந்த இளம் பயிரில் புரதம் 25 வீதம் என்று சொல்கிறார்கள். உண்மையா? புண்ணாக்கில்தானே அவ்வளவு இருக்கும்? அப்படி ஏதாவது இங்கே என் அரை ஏக்கர் மேட்டுக்காணியில் செய்ய முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உன்னிச்சைப் பட்டி எழுதியது:

தங்கச்சி, உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். நாகு போன கதையை வாசித்த பிறகு சும்மா இரண்டு வரி எழுதிவிட்டுப் போக மனம் வரவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஆறு வருடம் அவுஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வாகா வாகா நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணையில் வேலை செய்தவன். கோதுமையும் மாடும் செம்மறியும் சேர்ந்த பண்ணை. அங்கே ஜூன், ஜூலைதான் கடும் குளிர். காலையில் புல்லில் வெள்ளையாக உறைபனி நிற்கும், மேய்ச்சல்தரைப் புல் வளராது. அந்த நேரத்துக்கென்றே மார்ச் மாதத்தில் கோதுமை விதைத்து வைப்பார்கள். பயிர் நன்றாக வேர் பிடித்ததும் மாட்டை விடுவார்கள். மாடு கடித்தால் பயிர் பிடுங்கி வருகிறதா என்று முதலில் கையால் இழுத்துப் பார்ப்போம். வேரோடு வந்தால் இன்னும் இரண்டு கிழமை காத்திருப்போம். ஒக்லஹோமா, ரெக்சாஸ், கான்சஸ் பக்கமும் இதே வேலைதான். கோதுமை மட்டும் இல்லை, ஓட்ஸ், பார்லி, ரை, கோதுமையையும் ரையையும் கலந்து உண்டாக்கிய டிரிட்டிகேல், எல்லாவற்றையும் இப்படி மேய்க்கிறார்கள்.

வீடியோவில் சொன்ன கணக்கு சரிதான். இளம் கோதுமைப் பயிரில் 20 முதல் 30 வீதம் வரை புரதம் இருக்கும். மாட்டின் வயிற்றில் நாலில் மூன்று பங்குக்கு மேல் செரித்துவிடும். நல்ல பயிரில் விட்ட இளம் மாடு நாளுக்கு ஒரு கிலோ அளவில் எடை போடுவதை நான் தராசில் ஏற்றியே பார்த்திருக்கிறேன். நம்முடைய நெல் வைக்கோலில் புரதம் 4 வீதம் அளவில்தான் நிற்கும். அதில் பாதி செரித்தாலே பெரிய காரியம்.

ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். இந்த வீதமெல்லாம் தண்ணீரை நீக்கிய காய்ந்த எடைக்குச் சொல்வது. இளம் பயிர் 100 கிலோ வெட்டினால் 80 கிலோ தண்ணீர். புண்ணாக்கு அப்படி இல்லை, பத்தில் ஒன்பது பங்கு சத்து, ஒரு பங்குதான் ஈரம். அதனால் ஒரு கிலோ பச்சைப் புல்லும் ஒரு கிலோ புண்ணாக்கும் ஒன்றாகாது. "பச்சை நிறையப் போடுகிறேன், மாடு ஏன் இன்னும் மெலிகிறது" என்று கேட்கிற எல்லாருக்கும் பதில் இதற்குள் இருக்கிறது. மாரிப் புல் என்றால் இன்னும் மோசம், இலைக்கு உள்ளேயும் தண்ணீர், மேலேயும் தண்ணீர். வயிறு நிரம்பிவிடும், உடம்புக்குச் சேர்வது கொஞ்சம்தான்.

அடுத்தது வயது. நான் அங்கே போய்ப் படித்த பெரிய பாடம் இது. கோதுமை என்ற பெயரில் சத்து இல்லை, அதன் வயதில்தான் இருக்கிறது. அதே பயிர் கதிர் தள்ளினால் புரதம் 10, 12 வீதத்துக்கு இறங்கிவிடும். மணி முற்றி வெட்டிய பிறகு மிஞ்சுகிற வைக்கோலில் 3, 4 வீதம். அதாவது கோதுமை வைக்கோலும் நம்முடைய வைக்கோலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அந்த வயதை எப்படிப் பார்ப்பது என்று எனக்குக் காட்டித் தந்தது பண்ணையின் கிழவர். ஒரு பயிரை வேரோடு பிடுங்கி மண்ணைத் துடைப்பார். அதில் பெரிய பயிர்த்தாளை எடுத்து, அடியிலிருந்து மேலே பேனாக்கத்தியால் நெடுக்காகப் பிளப்பார். இளம் பயிர் என்றால் உள்ளே முழுக்க இலைதான், ஒன்றுக்குள் ஒன்று சுருட்டி வைத்த மாதிரி. அடியில், வேருக்குச் சற்று மேலே, அரிசிக் குருணை அளவில் பளபளவென்று ஒரு முனை தெரியும். அதுதான் பிறகு கதிராகப் போவது. அது அடியிலேயே இருக்கும்வரை மாடு மேயலாம், மேலே கடித்தாலும் பயிர் திரும்ப வரும். தண்டு நீண்டு, அந்தக் குருணை ஒரு சென்ரிமீற்றர் மேலே ஏறிவிட்டால் அன்றைக்கே மாட்டை எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு கடித்தால் கதிரையே கடித்த மாதிரி. ஒரு வருடம் நாங்கள் பத்து நாள் பிந்தினோம். டிசம்பர் அறுவடையில் அந்தத் துண்டு மட்டும் வெறும் சாவியாக நின்றது.

இலைச் சத்து நன்றாக நிற்பதும் அந்தத் தண்டு நீளும் காலத்துக்கு முன்னால்தான். 1930களில் சார்ல்ஸ் ஷ்னாபெல் என்ற அமெரிக்க இரசாயனவியலாளர், தண்டு நீள முன்னர் வெட்டிய இளம் தானியப் புல்லைக் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, முட்டை கூடுவதைக் கண்டார். இன்றைக்குக் கொழும்புக் கடைகளில் கோதுமைப் புல் தூள் என்று விற்பதற்கு மூலம் அங்கேதான். மனிதருக்கு அது எவ்வளவு நல்லது என்று நான் பேசவில்லை. மாட்டுக்கு அந்தப் பச்சையில் இருக்கிற கரோட்டீன் பெரிய விஷயம். அதிலிருந்துதான் உடம்பு விட்டமின் ஏ எடுக்கிறது. வெயிலில் காய்ந்து வெளுத்த வைக்கோலில் அது அநேகமாக இல்லை. மாதக்கணக்கில் வைக்கோல் மட்டும் தின்ற பசு சோர்ந்த கன்று போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பசும்பால் நெய் மஞ்சளாக இருப்பதே இந்தக் கரோட்டீனால். எருமை அதை முழுக்க விட்டமினாக மாற்றிவிடும், அதனால்தான் நம்முடைய எருமைத் தயிர் அவ்வளவு வெள்ளை.

இனி அதன் கெடுதிகள். இளம் பயிரில் விட்ட முதல் கிழமை மாட்டுக்குச் சாணம் தண்ணீராகப் போகும், வாலெல்லாம் பூசிக்கொண்டு நிற்கும். புரதம் தேவைக்கு மேல் போனால் வயிற்றில் அமோனியாவாக மாறிச் சிறுநீரில்தான் போகும், அதைப் பிடித்து வைக்க மாவுச்சத்து வேண்டும். நார் வேண்டும் என்பதற்காக நாங்கள் காய்ந்த புல் உருளைகளை வேலியோரம் வைத்துவிடுவோம். மாடு தானாகப் போய்க் கடிக்கும். சில மாட்டுக்கு இடப்பக்க வயிறு மேளம் போல உப்பும். கோதுமையில் பொட்டாசியம் மிக அதிகம், சோடியம் மிகக் குறைவு. பொட்டாசியம் கூடினால் மக்னீசியம் உடம்பில் ஏறாது. கன்று போட்டு சில கிழமையான பசு திடீரென்று நடுங்கும், தள்ளாடும், விழுந்து காலை அடிக்கும். சில மணி நேரத்தில் செத்தும் போகும். அதற்காக மக்னீசியம் ஒக்சைட்டையும் உப்பையும் சரிபாதி கலந்து தொட்டியில் வைப்பது வழக்கம். மாடுகள் அதை நக்கித் தீர்க்கிற வேகத்தைப் பார்த்தால் உடம்பு எவ்வளவு கேட்கிறது என்று விளங்கும்.

இங்கே கோதுமை வேண்டாம். மட்டக்களப்பு வெக்கைக்கு அது சரிவராது. குளிர்காலக் கோதுமைக்குக் கதிர் வரவே சில கிழமை நல்ல குளிர் வேண்டும். ஆனால் சோளனும் (மக்காச்சோளம்) இறுங்கும் (வெள்ளைச்சோளம்) அதே புல் குடும்பம்தானே. மேட்டுக்காணியில் சோளன் போடுங்கள். மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன், பால் எடுக்க வண்டி வந்துவிட்டது.

அக்கரைப்பற்று வட்டை எழுதியது:

அண்ணன் சொன்னது எல்லாம் சரி. இறுங்கு என்றதும் எனக்குப் பயம் வந்தது, அதனால் எழுதுகிறேன்.

தங்கச்சி, இறுங்கு வெட்டிய பிறகு அடியில் துளிர்த்து வருகிற இளம் குருத்தில் நஞ்சு இருக்கும். வாடிய பயிரிலும் இருக்கும். அதை சயனைட் வகை என்று சொல்கிறார்கள். 2016இல் எங்கள் காணியில் வாப்பா இறுங்கு வெட்டி எடுத்தார். மூன்று கிழமையால் பார்த்தால் முழங்கால் உயரம்கூட இல்லாமல் பச்சைப் பசேலென்று துளிர்த்து நிற்கிறது. இலவசமாக வந்த புல்தானே என்று அஸர் நேரம் மாட்டை அவிழ்த்து விட்டோம். தொழுதுவிட்டு வந்து பார்த்தால் சினை நாகு ஒன்று வாய் பிளந்து மூச்சு வாங்குகிறது. வைத்தியரைக் கூப்பிட போன் எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. அறுத்துப் பார்த்தபோது இரத்தம் செக்கச்செவேல் என்று இருந்தது. வாப்பா அதற்குப் பிறகு இறுங்கு போடவே இல்லை.

இடுப்பளவு வளர்ந்த பிறகு வெட்டிக் கொடுத்தால் அநேகமாகப் பயம் இல்லை. வெட்டி நன்றாகக் காயவைத்துக் கொடுப்பது இன்னும் நல்லது. சோளனில் இந்த நஞ்சுப் பிரச்சினை கிடையாது. உங்களிடம் இருப்பது ஏழு மாடு, அதில் சோதனை வைக்காமல் சோளனோடு நில்லுங்கள் என்பதுதான் என்னுடைய எண்ணம்.

செங்கலடித் தம்பி எழுதியது:

அக்கா, நான் கால்நடை வெளிக்கள வேலையில் இருக்கிறேன். மூத்தவர்கள் சொன்னதோடு இரண்டு விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

உங்கள் வைக்கோலை வீணாக்காமல் யூரியா போட்டுப் பதப்படுத்துங்கள். 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 100 லீற்றர் தண்ணீர். தண்ணீரில் யூரியாவை முழுதாகக் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பித் தெளித்து மிதித்து, காற்றுப் போகாமல் பொலித்தீன் போட்டு மூடி இரண்டு கிழமை விடுங்கள். திறக்கும்போது கண் எரிகிற மணம் வரும், நிறம் தவிட்டு மஞ்சளாக மாறியிருக்கும், கையால் பிடித்தால் மெத்தென்று இருக்கும். வெளியே எடுத்து ஒரு மணி நேரம் காற்றாட விட்டுக் கொடுங்கள். புரதம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், செரிப்பதும் கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு வேண்டாம். கரைசல் வாளியை மட்டும் மாடு எட்டுகிற இடத்தில் வைத்துவிடாதீர்கள், குடித்தால் அவ்வளவுதான்.

இரண்டாவது, சோளனுக்கு யூரியா அள்ளிப் போட்டு அடுத்த நாலைந்து நாள் மழை மூட்டமாக இருந்தால் அப்போது வெட்ட வேண்டாம். வெயில் இல்லாத நாளில் பயிர் இழுத்த நைத்திரேற்று புரதமாக மாறாமல் அடித்தண்டில் தேங்கி நிற்கும். அதைத் தின்ற மாட்டின் இரத்தம் கோப்பி நிறத்துக்கு மாறும், மூச்சுத் திணறும். சில நாள் நல்ல வெயில் பார்த்து, அடியில் ஒரு சாண் விட்டு வெட்டுங்கள்.

வவுணதீவு மேட்டுக்காணி எழுதியது:

எல்லாருக்கும் பெரிய நன்றி. அக்கரைப்பற்றுக் காக்கா, உங்கள் நாகின் கதை மனதைச் சுட்டுவிட்டது. இறுங்கு போடமாட்டேன்.

உன்னிச்சை அண்ணா, ஒரு சந்தேகம். எங்களுக்கு இரண்டு ஏக்கர் வயலும் இருக்கிறது. கோதுமையை மேய்த்துவிட்டுத் திரும்ப வளரவிடுகிற மாதிரி, விதைத்து ஒரு மாதமான வேளாண்மையில் நுனியை மட்டும் வெட்டி மாட்டுக்குக் கொடுத்தால் என்ன? சில இடத்தில் பயிர் மிதமிஞ்சிச் செழித்துச் சாய்கிறதே. அப்புறம், சோளன் எப்போது போட வேண்டும், எவ்வளவு போட வேண்டும்?

உன்னிச்சைப் பட்டி எழுதியது:

நல்ல கேள்வி தங்கச்சி, ஆனால் வயலைத் தொடாதீர்கள். அங்கே கோதுமை மார்ச்சில் விதைத்தால் டிசம்பரில் வெட்டு, ஒன்பது மாதம் நிலத்தில் நிற்கிறது. நாம் போடுவது மூன்று, மூன்றரை மாத நெல். கடிபட்ட இலையை மீண்டும் எடுத்துக் கதிருக்குப் போக அதற்கு நாள் எங்கே இருக்கிறது? கோதுமை நிற்பது காய்ந்த நிலத்தில், நம்முடையது சேற்றில். மாடு ஒரு கால் வைத்தால் நாலு பயிர் புதையும். போதாததற்கு ஒரு மாதப் பயிருக்குக் களைநாசினியும் பூச்சி மருந்தும் அடித்திருப்பீர்கள், நுனியை வெட்டிக் கொடுத்தாலும் அது பாலில்தான் வந்து நிற்கும்.

வேளாண்மை வெட்டிய பிறகு அடிக்கட்டை ஈரத்தில் துளிர்க்கும் பாருங்கள், பெப்ரவரி, மார்ச்சில், அதுதான் நமக்கு உண்மையான இளம் பயிர். காலங்காலமாகப் பட்டிகளை மேட்டிலிருந்து இறக்கி வட்டைக்குள் விடுவது அதற்காகத்தான். நம்முடைய பெரியவர்கள் புரத வீதம் தெரிந்து செய்யவில்லை, மாட்டின் மடியைப் பார்த்துச் செய்தார்கள். இப்போது மெசின் வெட்டிய கையோடு வைக்கோலுக்கு நெருப்பு வைக்கிறார்கள், துளிரும் சேர்ந்து கருகுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. உங்கள் இரண்டு ஏக்கரில் தயவுசெய்து யாரையும் கொளுத்த விடாதீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். 200 கிலோ நாட்டு மாட்டுக்கு நாளைக்குக் காய்ந்த எடையில் ஐந்தரைக் கிலோ அளவில் தீன் வேண்டும். அதை முழுக்க இளம் பச்சையாகக் கொடுப்பதென்றால் 30 கிலோ வெட்ட வேண்டும், உங்களால் முடியாது. தம்பி சொன்ன யூரியா வைக்கோல் மூன்று கிலோ, சோளன் 15 கிலோ, பால் தரும் மாட்டுக்கு மேலதிகமாக ஒன்றிரண்டு கிலோ தவிடு. அவ்வளவு போதும். கால் ஏக்கரில் 3 தொன் பச்சை வந்தால் ஐந்து கறவைக்கு 40 நாள் ஓடும். அரை ஏக்கரையும் ஒரே நாளில் விதைத்துவிடாதீர்கள். பாதியை முதல் மழையோடும், மற்றப் பாதியை மூன்று கிழமை கழித்தும் போட்டால் எப்போதும் கையில் இளம் பயிர் இருக்கும், நாகுகளுக்கும் மிஞ்சும். மணிக்குப் போடுவதைவிட நெருக்கமாகப் போடுங்கள். சோளன் தண்ணீரில் நிற்காது, வரிசைக்கு நடுவில் வாய்க்கால் இழுத்தே ஆக வேண்டும்.

55, 60 நாளில் வெட்டத் தொடங்குங்கள். பால் மணி பிடிக்கும்வரை விட்டால் புரதம் குறையும், ஆனால் மாவுச்சத்து வரும். டிசம்பர்க் குளிருக்கு மாவுச்சத்தும் வேண்டும், உடம்பின் சூட்டுக்கு அதுவும் உதவும். அதனால் முதல் துண்டை இளசாகவும் இரண்டாவதைச் சற்று முற்றவிட்டும் வெட்டலாம். வரம்போரம் கோ-3 புல் ஒரு வரிசை, வேலிக்குச் சீமைக்கிளுவை. அந்த இலையில் இளம் கோதுமைக்குக் கிட்டவே புரதம் இருக்கிறது, சும்மா நிற்கிற வேலிதானே. முதலில் மாடு மணத்துக்கு முகம் திருப்பும், வாடவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள். உப்புக்கட்டி ஒன்றைக் கொட்டிலில் தொங்கவிடுங்கள்.

முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறேன். சதை நவம்பர் முடிவதற்குள் ஏற வேண்டும். குளிர் தொடங்கிய பிறகு என்ன கொடுத்தாலும் உடம்பைச் சூடாக வைக்கவே போய்விடும். மழைக்கு முன்னால், ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே யூரியா வைக்கோலைத் தொடங்குங்கள். கொட்டிலின் வடகிழக்குப் பக்கத்தைக் கிடுகாலோ தகரத்தாலோ அடையுங்கள், நிலத்தில் காய்ந்த உமி போடுங்கள். நனைந்த மாடு தின்பதையெல்லாம் காற்றுக்குத்தான் கொடுக்கும்.

வவுணதீவு மேட்டுக்காணி எழுதியது:

நாலு மாதத்துக்குப் பிறகு வருகிறேன், மன்னிக்கவும். இன்றைக்கு டிசம்பர் 11.

சோளன் ஒக்டோபர் முதல் கிழமை போட்டேன். பள்ளப் பக்கம் மூன்று வரிசை தண்ணீர் நின்று மஞ்சளாகிப் போயிற்று, வாய்க்கால் அங்கே ஆழம் போதவில்லை. மிச்சம் என் தலைக்கு மேலே நிற்கிறது. கடந்த கிழமை வெட்டத் தொடங்கினேன். முதல் தாளை நீங்கள் சொன்ன மாதிரி நெடுக்காகப் பிளந்து பார்த்தேன் அண்ணா. சோளனில் முனை மேலே ஏறித்தான் இருந்தது, உள்ளே விரல் நீளத்துக்குப் பூ, இன்னும் வெளியே வராமல், நெருக்கிப் பின்னிய பாய் மாதிரி. அதைக் கன்றுக்குக் கொடுத்தேன், முழுக்கத் தின்றது.

யூரியா வைக்கோலை இரண்டு பசு முதல் மூன்று நாள் தொடவில்லை, இப்போது கேட்டுக் கத்துகின்றன. பாலில் கொழுப்பு அளவு கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று பால் எடுக்கிற தம்பி சொன்னான். பெரிய நாகின் விலா எலும்பு போன வருடம் எண்ணக்கூடியதாக இருந்தது. இன்று காலையில் கையை வைத்து அழுத்தித்தான் எண்ண முடிந்தது.

இரண்டாவது துண்டு பிந்தி விதைத்தது, இப்போது 45 நாள். வானம் மூன்று நாளாக மூடிக் கிடக்கிறது. மேலுரம் போட்டு எட்டு நாள்தான் ஆகிறது. செங்கலடித் தம்பி, வெயில் வரும்வரை அதை விட்டுவிட்டு முதல் துண்டையே வெட்டட்டுமா?